கடிபட்ட நாலு ஓரங்கள்

என் சித்தி ரவுட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டது ஒரு மனிதரைத் தலைகுனிய வைப்பதற்காக. இதை அவளே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் மறைக்க ஒன்றுமில்லை. "மரவேலையில அவ்வளவு ஈடுபாடா?" என்று யாராவது கேட்டால், "மரத்து மேல ஒண்ணும் இல்லீங்க. ஒருத்தர் மேல கோவம்" என்பாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு மரச்சாமான் பட்டறையில் பதினோரு வருடம் உப்புத்தாள் தேய்த்தாள். தச்சர்கள் அறுத்து, இழைத்து, பொருத்தி முடித்த நாற்காலியும் அலமாரியும் கடைசியில் அவள் கைக்கு வரும். அவள் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் பாலிஷ். அவளுடைய உள்ளங்கை செருப்பின் அடிப்பாகம் போல இருக்கும். ஆனால் அந்தக் கை ஒரு மேசைமேல் ஒருமுறை போய்வந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். பட்டறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உப்புத்தாள்' என்பார்கள். வேலையும் அது, வாயும் அது.

அங்கே தச்சர்களுக்குத் தலைவர் மேஸ்திரி. முப்பது வருட அனுபவம். அவர் இழைப்புளி தள்ளினால் மரம் காகிதம் போலச் சுருண்டு சுருண்டு விழும். அதைப் பார்க்கவே பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து நிற்பார்கள். காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். யாரையாவது திட்டுவதென்றால் அந்தப் பென்சிலை எடுத்துத்தான் சுட்டுவார். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

முதலாளி ஒரு நாள் ரவுட்டர் வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சொம்பு மாதிரி ஒரு மோட்டார். அடியில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெட்டும் பல். பிட் என்று அதற்குப் பெயர். பலகையின் கூர்மையான ஓரத்தில் இதை ஓட்டினால் ஓரம் உருண்டு வழவழவென்று ஆகிவிடும். கையால் அரை நாள் பிடிக்கிற வேலை பத்து நிமிடத்தில் முடியும். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சித்தி அதன்மேல் படிந்த தூளைத் துடைத்துவிட்டு, என்ன கனம் இருக்கிறது என்று இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். அதை நாலு தச்சர்கள் பார்த்தார்கள்.

அந்த வாரம் ஒரு பல் மருத்துவமனைக்கு அலமாரிக் கதவுகள் தயாராகிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் மேஸ்திரி, "இன்னிக்கு எல்லாரும் சீக்கிரம் கிளம்புங்க" என்றார். தச்சர்கள் போனார்கள். சித்தி தூள் கூட்டிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினாள். மேஸ்திரி இருந்தார்.

மறுநாள் காலை மூன்று கதவுகள் நாசமாகிக் கிடந்தன. ஓரத்தில் எலி கடித்தது போல வரிசையாகப் பள்ளங்கள். ஒரு மூலையில் மரமே பெயர்ந்து போயிருந்தது.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் முதலாளி.

மேஸ்திரி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "கடைசியா போனது யாரு? அன்னிக்கே மெஷினைத் தடவித் தடவிப் பாத்துச்சே, அதான். ஆசை யாரை விட்டுது?"

"நான் அஞ்சு மணிக்குப் போயிட்டேன் மேஸ்திரி. நீங்கதான் இருந்தீங்க."

"முப்பது வருஷமா மரத்தைத் தொடுறேன். நான் இப்படிக் கடிச்சு வைப்பேனா? பாருங்க முதலாளி. பாத்தாலே தெரியுது, கத்துக்குட்டி கை."

நாலு தச்சர்களும் தரையைப் பார்த்தார்கள். முதலாளி கேட்டபோது, அவள் மெஷினைத் தூக்கிப் பார்த்ததைப் பார்த்தோம் என்றார்கள். அது பொய்யில்லை என்பதுதான் சித்திக்கு இன்றுவரை வயிறெரிகிற விஷயம்.

முதலாளி கத்தவில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார்.

சித்தி அழவில்லை. "இந்தக் கதவையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது, உடைச்சுத்தான் போடணும்."

"கெடுத்தது நான்னா, கெட்டதும் எனக்குத்தானே? எடுத்துட்டுப் போறேன்."

மூன்று கதவுகளும் சித்தப்பாவின் வேனில் வீட்டுக்கு வந்தன.

அந்தத் தெருவில் இன்னும் நாலு பட்டறைகள் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சித்தி வேலை கேட்டு வரிசையாக ஏறி இறங்கினாள். அவள் போவதற்கு முன்பே மேஸ்திரியின் வாய் போயிருந்தது. "உன் வேலையைப் பத்தி ஒண்ணுமில்லம்மா, இங்கயும் மெஷினெல்லாம் இருக்கு, அதான் பயமா இருக்கு" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாவது கடையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார வைத்து இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கையை வீட்டுல வெச்சுட்டு வந்தா வேலை தர்றேன்" என்றார். நாலாவது கடையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். அந்த ஊரில் மரவேலைக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு தெரு இல்லை. அவளுக்கு மரத்தை விட்டால் வேறு வேலையும் தெரியாது.

கதவுகளைப் படுக்கையறைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எதையும் சிரித்துக் கடக்கப் பார்ப்பவர். "கண்ணை மூடுற வரைக்கும் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கா. என்னை ஒரு நாளாவது அப்படிப் பாத்திருக்காளா, கேளு" என்று என்னிடம் புகார் சொன்னார்.

"உங்களை யாராவது கடிச்சு வெச்சா உங்களையும் பாக்குறேன்" என்றாள் சித்தி.

தெருக்கோடியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையை மூடினார்கள். அங்கிருந்து ஒரு பழைய ரவுட்டரை வாங்கி வந்தாள். கூடவே ஒரு கையேடு. அது அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. நான் அந்த மொழியிலும் படித்தவள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேணாம்டி. எச்சரிக்கைன்னு எங்கெல்லாம் போட்டிருக்கோ அதை மட்டும் படி."

"எப்படி ஓட்டணும்னு வேண்டாமா சித்தி?"

"எப்படிக் கெடுக்குறதுன்னு தெரிஞ்சா போதும்."

அப்படித்தான் அவள் கற்றாள். நல்ல ஓரம் வரவேண்டும் என்று எல்லோரும் பழகுவார்கள். அவள் கெட்ட ஓரம் ஒவ்வொன்றையும் வரவழைக்கப் பழகினாள். மொட்டைமாடியில் ஒரு பழைய மேசை. அதில் துண்டுப் பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குவாள். கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. பிட்டைச் சரியாக முடுக்காமல் ஓட்டினாள். ஓடும்போதே பிட் மெல்ல மெல்ல இறங்கி, ஓரத்தில் ஆரம்பித்த வெட்டு போகப்போக ஆழமாகிக்கொண்டே போனது. அந்தப் பலகையைக் கதவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது இல்ல." பயந்து பயந்து மெதுவாக நகர்த்தினாள். நின்ற இடத்திலெல்லாம் மரம் கருகி, தீய்ந்த வாசனை மாடி முழுக்க வந்தது. "இதுவும் இல்ல." ஒரே தடவையில் ஆழமாக வெட்டினாள். மோட்டார் திணறியது, மரம் சிம்பு சிம்பாகப் பிய்ந்தது. "ம்ஹூம்."

கெட்ட பலகைகளை வரிசையாகச் சுவரோரம் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் செய்த தப்பை எழுதி வைத்தாள். சோற்றில் தூள் விழுகிறது என்று சித்தப்பா முனகினார். கீழ்வீட்டு அக்கா ஒரு நாள் படியேறி வந்தார்.

"ரவுட்டர் வாங்கியிருக்கியாமே. எங்க வீட்டுக்கும் நெட் வருமா?"

"வரும்கா. சன்னலைத் திறந்து வைங்க. தூளும் சேந்து வரும்."

நாலாவது ஞாயிறு நான் படித்த எச்சரிக்கை இது: பலகையின் ஓரம் உங்களைப் பார்த்து இருந்தால், மெஷினை எப்போதும் இடமிருந்து வலமாகவே நகர்த்துங்கள், மாற்றி நகர்த்தினால் அது உங்கள் கையை இழுத்துக்கொண்டு ஓடும். பல் சுற்றும் திசைக்கு எதிராகப் போனால் மரம் மெஷினைத் தடுத்து நிறுத்திப் பிடிக்கும். அதே திசையில் போனால் பல்லே சக்கரமாகி ஓட ஆரம்பிக்கும்.

சித்தி கால்களை அகட்டி நின்றாள். வலமிருந்து இடமாக ஓட்டினாள். மெஷின் அவளை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. டக டக டகவென்று குதித்துப் போய், மூலையில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே விழப் பார்த்தது. அவள் விடவில்லை. நிறுத்திவிட்டு ஓரத்தைப் பார்த்தாள். எலி கடித்தது போல வரிசையாகப் பள்ளங்கள்.

"வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சுடி!"

கதவைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தோம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

நான் கைதட்டினேன். சித்தியின் முகம் உடனே சுருங்கிவிட்டது. "அவர் என்ன பண்ணாருன்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா அவர்தான் பண்ணாருன்னு எப்படிச் சொல்றது? கத்துக்குட்டியும் இதே தப்பைத்தானே பண்ணுவான்?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்று கதவுகளுக்கு நீள ஓரங்கள் ஆறு. நாலு கடிபட்டிருந்தன, இரண்டு மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. திசை தெரியாதவன் எல்லாவற்றையும் கெடுத்திருக்க வேண்டும். தெரிந்தவன் ஒன்றையும் கெடுத்திருக்கக் கூடாது. இந்த இரண்டு எப்படித் தப்பின?

இரண்டு மாதம் அந்தக் கேள்வியோடு இருந்தாள். அதற்குள் நல்ல ஓரமும் அவளுக்கு வந்துவிட்டது. தப்பெல்லாம் தீர்ந்துபோனால் மிஞ்சுவது சரிதானே. ஹார்டுவேர் கடைக்காரர் அவள் ஓட்டிய பலகையைப் பார்த்துவிட்டு, ஓர வேலை கேட்டு வருகிறவர்களை அவளிடம் அனுப்ப ஆரம்பித்தார்.

விடை வந்தது ஒரு மத்தியானம். சித்தி கதவை மடியில் கிடத்திக்கொண்டு, டிவி பார்த்தபடியே கையால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடப் பழக்கம். திடீரென்று டிவியை நிறுத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஓரங்களையும் தடவினாள். மரத்துக்கு நார் உண்டு; பூனையின் முதுகு மாதிரி ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். கடிபட்ட நாலு ஓரத்திலும் நார் வலமிருந்து இடமாகப் படுத்திருந்தது. தப்பிய இரண்டில் இடமிருந்து வலமாக.

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். சித்தப்பா பயந்து எழுந்து வந்தார்.

"இழைப்புளி பிடிக்கிறவங்க நார் எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பாத்து அந்தப் பக்கமாத்தான் தள்ளுவாங்க. எதிர்த்துத் தள்ளினா பிய்யும். அவரு ரவுட்டரையும் இழைப்புளின்னு நெனச்சு, நாரைப் பாத்துப் பாத்துத் தள்ளியிருக்காரு. நார் சரியான பக்கம் இருந்த ரெண்டு மட்டும் தப்பிச்சுது. கத்துக்குட்டிக்கு நார் பாக்கத் தெரியுமா? முப்பது வருஷம் இழைச்ச கைக்குத்தான் இந்தத் தப்பு வரும்!"

"சரி, போய்ச் சொல்லு" என்றார் சித்தப்பா.

"நான் சொன்னா யாரு கேப்பா? அவரே சொல்லணும்."

காத்திருந்தாள். பழைய பட்டறையில் ரவுட்டர் அலமாரியில் பூட்டிக் கிடப்பதாக ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். மேஸ்திரி அதை ராசியில்லாத மெஷின் என்று சொல்லி யாரையும் தொட விடவில்லையாம். எட்டு மாதம் கழித்து முதலாளிக்கு ஒரு நூலகத்திலிருந்து நாற்பது மேசைகள் செய்யும் வேலை வந்தது. எல்லா ஓரமும் உருட்டித் தர வேண்டும். பதினைந்து நாள் கெடு. கையால் முடியாது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு எண்ணைக் கொடுத்தார், யாருடையது என்று சொல்லவில்லை.

"ஏம்மா, நீயா?" என்றார் முதலாளி போனில்.

"நான்தான். பண்ணித் தர்றேன். அதுக்கு முன்னாடி மேஸ்திரி ஒரே ஒரு பலகை எனக்கு ஓட்டிக் காட்டணும். எல்லாரும் இருக்கும்போது."

கதவுகளைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனாள். காலை பதினோரு மணி. நாலு தச்சர்களும் இருந்தார்கள். சித்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகையை மேசையில் வைத்துத் தானே கிளாம்ப் போட்டு இறுக்கினாள். எந்தப் பலகை, எந்த ஓரம் என்று ஒரு வாரமாக யோசித்துத் தேர்ந்தெடுத்தது அது.

"எனக்கு வேற வேலை இல்லையா? இவ யாரு எனக்குப் பரீட்சை வைக்க?" என்றார் மேஸ்திரி.

"ஒரு பலகைதானே மேஸ்திரி. முப்பது வருஷமா மரத்தைத் தொடுறவரு" என்றாள் சித்தி.

முதலாளி நாற்பது மேசைகளை நினைத்துக்கொண்டிருந்தார். "ஓட்டிக் காட்டுங்க மேஸ்திரி, முடியட்டும்" என்று பூட்டிக் கிடந்த ரவுட்டரை எடுத்து வைத்தார்.

மேஸ்திரி குனிந்தார். கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை வருடிப் பார்த்தார். சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் வலது பக்கம் போய் நின்றுகொண்டார், அங்கிருந்து தள்ளினார். மெஷின் பாய்ந்தது. டக டக டக. அவர் பதறிப்போய் அதை நிறுத்தியபோது ஓரம் முழுக்கக் கடிபட்டிருந்தது.

"நான் சொல்லல? ராசியில்லாத மெஷின்."

"இருக்கலாம். எதுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளினீங்க?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"நார் அந்தப் பக்கம்தானே படுத்திருக்கு. இது கூடத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும். சொல்லிக் குடுங்க." முதல் கதவை அவர் முன்னால் வைத்தாள். "இதுல நார் எந்தப் பக்கம்?"

அவர் கதவைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கை காதிலிருந்த பென்சிலுக்குப் போய்த் திரும்பியது.

"தெரியலையா மேஸ்திரி?"

அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சுற்றிலும் நாலு தச்சர்கள். பொய் சொன்னால் யார் வேண்டுமானாலும் விரலால் தடவிப் பார்த்துவிடலாம். "இப்படி" என்று இடது பக்கம் காட்டினார். கடிபட்ட ஓரம். "இது?" "அப்படி." சுத்தமான ஓரம். சித்தி ஒவ்வொரு கதவாகத் திருப்பித் திருப்பி வைத்தாள். ஆறு ஓரத்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். நாலாவது ஓரம் வருவதற்குள் தச்சர்களில் மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. "அட மேஸ்திரி…" என்றார். முதலாளி குனிந்து புதுப் பலகையையும் பழைய கதவையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"நார் பாத்துத் தள்ளினது யாரு?" என்றாள் சித்தி. "நான் உப்புத்தாள் தேய்ச்சவ. எனக்கு இழைப்புளி தள்ளவே தெரியாதே."

மேஸ்திரி பலகையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.

"யார்கிட்ட சொல்றீங்க, பலகைகிட்டயா?"

"நான்தான் பண்ணேன்!" முதலாளி பக்கம் திரும்பினார். "ஆளுங்க முன்னாடி பழக வெக்கமா இருந்துது. போதுமா?"

முதலாளி அவளைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். பலகைகளை வீட்டுக்கு அனுப்புங்கள், இந்த வாசலில் இனி ஏறமாட்டேன் என்றாள் சித்தி. "இன்னும் ஒண்ணு இருக்கு. மேஸ்திரி என்கூடத் தெருவுக்கு வரணும். எங்கெல்லாம் என்னைப் பத்திச் சொன்னாரோ, அங்கெல்லாம் இதையும் சொல்லணும். அதுக்கப்புறம்தான் மெஷினைத் தொடுவேன்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சட்டையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

நல்ல வெயில். அவர் முன்னால் நடந்தார். சித்தி மூன்றடி பின்னால். அவளுக்குப் பின்னால் கதவோடு நான். முதல் கடையில் அவர் சொன்னதை ஒருவர் நம்பாமல், "சும்மா விளையாடாதீங்க மேஸ்திரி" என்றார். மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது கடையில் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார், நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம்.

"சித்தி, போதுமே" என்றேன் வெளியே வந்ததும்.

"எனக்கு யாராவது போதும்னு சொன்னாங்களா?"

மூன்றாவது கடையில் கையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னவர் இருந்தார். மேஸ்திரி சொல்லி முடித்ததும் அவர் சித்தியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்து, எப்போது வேண்டுமானாலும் வேலைக்கு வரலாம் என்றார். "கை ரெண்டும் இருக்கு. ஆனா உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சித்தி படி இறங்கினாள்.

நாலாவது கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டில் ஏதோ விசேஷம், கடைக்காரர் நாளைக்குத்தான் வருவார் என்று பக்கத்தில் சொன்னார்கள். மேஸ்திரி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அவர்கிட்ட நான் போன்ல சொல்லிடுறேன்மா" என்றார். அன்று முதல்தடவையாக 'அம்மா' சேர்த்துப் பேசினார்.

"நாளைக்குத் திறப்பாங்க" என்றாள் சித்தி. "பத்து மணிக்கு வந்துடுங்க."

மறுநாள் நானும் போனேன். தெருமுனையிலிருந்தே தெரிந்தது: கடை திறந்திருந்தது, மேஸ்திரி வாசலில் வெயிலில் நின்றிருந்தார், உள்ளே போகாமல். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. சித்தி என்னை முனையிலிருந்த கடைக்கு இழுத்துப் போய் இரண்டு டீ சொன்னாள். ஆற்றி ஆற்றிக் குடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பத்தே கால் ஆச்சு சித்தி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டாள்.